பழைய மின்சாரக் காரை தானம் கொடுக்கப் போனேன்

பழைய காரைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் பெரியதாக ஒன்று எடுக்கலாம் என்று நானும் கணவரும் கடைக்குப் போனோம். விற்பனையாளர் என் சின்ன மின்சாரக் காரை இரண்டு முறை சுற்றி வந்தார். உள்ளே உட்கார்ந்து மீட்டரைப் பார்த்தார். பிறகு கால்குலேட்டரில் ஒரு தொகையை அடித்து எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் வாங்கலாம். அதற்கும் கையிலிருந்து கொஞ்சம் போட வேண்டியிருக்கும்.

“இந்த விலைக்கு விக்கிறதுக்கு யாருக்காவது தானமா குடுத்துடலாம்,” என்றேன். கோபத்தில் சொன்னதுதான். நல்ல மனசெல்லாம் பிறகு வந்தது.

காரின் பெயரைச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. வயது பத்துக்கு மேல். நான் இரண்டாம் கையாக வாங்கினேன். விடியற்காலை நிகழ்ச்சிக்கு நாலரைக்கெல்லாம் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். போகவும் வரவும் சேர்த்து 30 கிலோமீட்டர். அதற்கு அந்தக் கார் பொன்னான கார். புதிதாக இருந்தபோது முழுச் சார்ஜில் 150 கிலோமீட்டர் ஓடியதாம். என்னிடம் கடைசியில் 90 ஓடிக்கொண்டிருந்தது.

யாருக்குக் கொடுப்பது என்று யோசித்தபோது அத்தைதான் நினைவுக்கு வந்தார். அப்பாவின் தங்கை. ரந்தாவுக்கும் சிலியாவுக்கும் இடையில் இருக்கும் எங்கள் பழைய தோட்டத்தில் 30 ஆண்டு பால்மரம் வெட்டியவர். ரப்பர் போய் செம்பனை வந்தது. வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். எங்களைப் போன்ற பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சுபாங்குக்கும் போய்விட்டோம். லயத்தில் மிஞ்சியிருக்கும் நம்மவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். அவர்களில் அத்தையையும் சேர்த்து மூன்று பேருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். நாட்டில் இன்று டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் 50,000 பேருக்கு மேல். நம் வீடுகளில் இனிப்பு நீர் எவ்வளவு சாதாரணமாகிவிட்டது என்று உங்களுக்கே தெரியும்.

சிகிச்சைச் செலவுக்கு எப்படியோ வழி கிடைத்துவிட்டது. சிரம்பானுக்குப் போய்வரத்தான் வழியில்லை. முதல் ஷிஃப்டுக்கு ஆறரை மணிக்கு மையத்தில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் தோட்டத்துக்குள் கிராப் வராது. ஆள் வைத்துப் போனால் ஒரு நாளைக்கு 50 வெள்ளி. மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போய்விடலாம், ஆனால் சிகிச்சை முடிந்ததும் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். ஒருமுறை அத்தை வரும் வழியில் மயங்கி, ஓட்டியவர் முதுகில் சாய்ந்தபடியே வந்து சேர்ந்தார். அதன்பிறகு வண்டி கிடைக்காத நாட்களில் போகாமலே இருந்துவிடுவார். இரண்டு நாள் தள்ளிப்போனால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். போனில் பேசும்போது அந்த மூச்சிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

தோட்டத்துக் கோயிலை ஒட்டி ஒரு சிறிய சேவைக் குழு இயங்குகிறது. எனக்குத் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொன்ன ஆசிரியர், ஓய்வு பெற்றபின் அதை நடத்துகிறார். அவரை அழைத்து, “சார், என் காரைக் குழுவுக்குக் கொடுத்துடறேன்,” என்றேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“எத்தனை பேர் உக்காரலாம்? சார்ஜ் எங்க போடறது? யாரு பேர்ல இருக்கும்?” என்று வரிசையாகக் கேட்டார். வாத்தியார் பழக்கம் போகவில்லை.

எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. அந்த வாரம் நேரில் போனபோது கோயிலின் பின்பக்கம் அழைத்துப்போய் ஒன்றைக் காட்டினார். நீலத் தார்ப்பாய் போர்த்திய ஒரு வேன். டயர் நான்கும் மண்ணில் உட்கார்ந்துவிட்டன. பக்கவாட்டில் நன்கொடையாளர் பெயர் சிவப்பு எழுத்தில் இன்னும் பளிச்சென்று இருந்தது. ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் மாலை போட்டு, படம் எடுத்து, சாவி கொடுத்தார்கள். ஆனால் பெயர் மாற்றவில்லை. அடுத்த மாதம் பார்க்கலாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போய், கொடுத்தவர் காலமாகிவிட்டார். இனி அந்த வேனுக்குச் சாலை வரி எடுக்கவோ விற்கவோ இரும்புக்குப் போடவோ வேண்டுமென்றால், வாரிசுகள் நீதிமன்றத்துக்கோ அமானா ராயாவுக்கோ போய் நிர்வாகக் கடிதம் வாங்க வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில்.

“பாம்பு குடியிருக்கு உள்ள,” என்றார் சார். “கோயில் திருவிழா வந்தா அதை மறைக்கவே தனியா ஒரு பந்தல் போடறோம்.”

அங்கிருந்துதான் நான் விசாரிக்க ஆரம்பித்தேன்.

முதலில் வருமான வரி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கார் கொடுத்தால் வரியில் ஏதாவது கழியும் என்று நம்பியிருந்தேன். அமெரிக்காவில் இது ஒரு பெரிய தொழில். பழைய காரைக் கொடுங்கள் என்று கேட்கும் ‘கார்ஸ் ஃபார் கிட்ஸ்’ விளம்பரப் பாட்டை வானொலித் துறையில் இருப்பவர்கள் கேட்காமல் இருந்திருக்க முடியாது. ஒருமுறை கேட்டால் நாள் முழுக்க மண்டைக்குள் ஓடும், எரிச்சலாகவும் இருக்கும். அங்கே கார்களை வாங்கும் அமைப்புகள் பெரும்பாலும் அவற்றை ஏலத்தில் விற்றுப் பணமாக்கிக்கொள்கின்றன. ஓடாத காருக்குக்கூட உயர்ந்த மதிப்புப் போட்டு வரி கழித்தவர்கள் பெருகியதால், 2004இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அமைப்பு அந்தக் காரை விற்றுவிட்டால், பொதுவாக விற்ற தொகைக்கு மேல் கழிக்க முடியாது.

நம் நாட்டில் கதை வேறு. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவு பேசுவது ரொக்க நன்கொடையைப் பற்றி. உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குப் பணமாகக் கொடுத்தால் தனிநபர் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழிக்கலாம். ஓவியம், மருத்துவக் கருவி, மாற்றுத்திறனாளிகளுக்கான பொது வசதி என்று சில பொருள் நன்கொடைகளுக்குத் தனிப் பிரிவுகள் உண்டு. என் பழைய கார் எதிலும் அடங்காது. வரிக் கழிவு வேண்டுமென்றால் காரை விற்று, அங்கீகாரம் உள்ள அமைப்புக்குப் பணத்தைக் கொடுத்து, ரசீது வாங்க வேண்டும். பலருக்கு அதுதான் சரியான வழி என்று இப்போது நினைக்கிறேன். பெரிய அமைப்புகளுக்கு உங்கள் காரைவிட அந்தப் பணம்தான் பயன்படும்.

ரசீது என்றதும் சார் தன் தந்தையைப் பற்றிச் சொன்னார். 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் பத்து பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள். துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களைத் தாங்களே வாங்க வேண்டும் என்று சேர்த்த பணம் அது. “எங்கப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா அந்த ரசீது மட்டும் தகரப் பெட்டியில சாமி படத்துக்குக் கீழ இருக்கும்,” என்றார்.

சரி, கார். அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவதே ஒரு கூத்தாகிவிட்டது. என் வீட்டிலிருந்து 80 கிலோமீட்டர், கார் ஓடுவது 90. ஏர்கோனை அடைத்துவிட்டு இடது தடத்தில் 80 வேகத்தில் லாரிகளுக்குப் பின்னால் போனேன். நெடுஞ்சாலையில் புதிதாக வரும் வேகச் சார்ஜர்கள் பெரும்பாலும் சிசிஎஸ்2 வகை. என் காரைப் போன்ற பழைய ஜப்பானியக் கார்களில் இருப்பது சாடெமோ. செருகவே முடியாது. சிரம்பானில் ஒரு பேரங்காடியில் மெதுவான சார்ஜரில் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் தோசையும் தேநீருமாக உட்கார்ந்திருந்தேன். பழைய மின்சாரக் காரை வெகுதூரத்துக்குத் தானம் கொடுக்க நினைப்பவர்கள் லாரி வாடகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிளக். மூன்று முள் சொருகியில் போட்டால் போதும் என்றுதான் நான் சார் கிட்டே சொல்லியிருந்தேன். ரந்தாவிலிருந்து வாயர்மேன் வந்து கோயில் மண்டபத்தின் சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, மூடிவிட்டார். “கேத்தல் அஞ்சு நிமிஷம் ஓடும். இது ராத்திரி முழுக்க ஓடும்மா. இந்த வாயர் சூடாகி உருகிடும்,” என்றார். காருக்கென்று தனி வாயர், தனி பிரேக்கர், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் கருவி எல்லாம் வேண்டும் என்றார். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வாயர்மேன்தான் இதைச் செய்ய வேண்டும். செலவு ஆயிரம் வெள்ளிக்குள் முடிந்தது. ஆனால் நிலம் தோட்ட நிர்வாகத்துடையது, அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். கடிதம் கொடுத்து, நினைவூட்டி, மறுபடி கொடுத்து, இரண்டு மாதம் போனது. அந்த இரண்டு மாதமும் கார் என் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்து நின்றது. அதே தோசைக் கடை, அதே இரண்டு மணி நேரம்.

அனுமதி வந்ததும் ஒரு சனிக்கிழமை நானே ஓட்டிப் பார்த்தேன். முதல் நாள் இரவு கோயில் மண்டபத்தில் சார்ஜ் போட்டாயிற்று. காலை ஐந்தேகாலுக்கு லயத்து வாசலில் அத்தை பையோடு நின்றார். பையில் போர்வை, ஒரு பாக்கெட் கிரீம் கிராக்கர், ரேடியோ. இன்னும் இருவர் பின் இருக்கையில் ஏறினார்கள்.

“வண்டியை இன்னும் ஸ்டார்ட் பண்ணலியா கண்ணு?” என்றார் அத்தை. வண்டி ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருந்தது.

முந்தின இரவு மழை. செம்மண் பாதையில் இரண்டு இடத்தில் அடிப்பாகம் தட்டியது. இந்தக் கார்களில் பேட்டரி இருப்பதே அடியில்தான், அதனால் ஒவ்வொரு தட்டலும் என் வயிற்றில் விழுந்தது. அதன்பிறகு மேட்டுப் பக்கமாகச் சுற்றிப் போகும் பாதையைப் பிடித்தோம். இரண்டு கிலோமீட்டர் கூடுதல். போய்வர மொத்தம் 52 கிலோமீட்டர். திரும்பி வந்தபோது மீட்டரில் 34 கிலோமீட்டர் மிச்சம் காட்டியது. அத்தை பின்னால் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தார். சத்தமும் அதிர்வும் இல்லாத வண்டி, டயாலிசிஸ் முடிந்து வருகிறவர்களுக்கு இவ்வளவு இதமாக இருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

எரிபொருள் கணக்கையும் சொல்கிறேன், ஏனென்றால் ‘பெட்ரோலே வேண்டாம், எல்லாம் மிச்சம்’ என்று நான்தான் ஆரம்பத்தில் அளந்துகொண்டிருந்தேன். ஒரு நடைக்குச் சுமார் 9 யூனிட் மின்சாரம். யூனிட் 45 சென் என்று வைத்தால் 4 வெள்ளி. அதே தூரத்துக்கு ஒரு சின்னப் பெட்ரோல் காருக்கு மூன்றரை லிட்டர் போகும். லிட்டர் 1 வெள்ளி 99 சென் என்றால் 7 வெள்ளி. மாதம் 13 நடைக்கு மிச்சம் 40 வெள்ளி. அவ்வளவுதான். எண்ணெய் மாற்றுவது, பெல்ட் மாற்றுவது போன்ற செலவுகள் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் பேட்டரி போனால், மாற்றும் செலவு காரின் விலையைத் தாண்டும்.

இலங்கையில் இந்தப் பாடத்தைப் பெரிய அளவில் படித்துவிட்டார்கள். 2015இல் மின்சாரக் கார்களுக்கு வரி குறைந்தபோது, பழைய நிஸ்ஸான் லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் அங்கே இறங்கின. லீஃப் காரின் பேட்டரியைக் குளிர்விக்க நீர்ச்சுற்று அமைப்பு கிடையாது. வெயில் நாட்டில் அந்தப் பேட்டரி சீக்கிரம் தளரும். பல வீடுகளில் கார் நன்றாக இருக்க, ஓடும் தூரம் மட்டும் ஆண்டுக்காண்டு சுருங்கியது. நம் வெயிலும் அதே வெயில்தான். புதிய மின்சாரக் கார்களுக்கு நிறுவனங்கள் பேட்டரிக்குப் பெரும்பாலும் 8 ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. தானமாகக் கைமாறும் கார்கள் பெரும்பாலும் அந்த 8 ஆண்டைத் தாண்டியவை. கொடுப்பவர் கையில் காலாவதியாகிற பிரச்சினையை வாங்குபவர் கையில் வைத்துவிட்டுப் போவதற்குத் தானம் என்று பெயரா?

எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் கருவி போட்டுப் பார்த்துவிட்டு, நிழலில் நிறுத்தி, எப்போதும் முழுச் சார்ஜிலேயே வைத்திராமல் ஓட்டினால் இன்னும் இரண்டு மூன்று ஆண்டு வரும் என்றார். சாரிடம் அப்படியே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தார்ப்பாய் வேனைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

பெயர் மாற்றிக் கொடுப்பது முடியாத காரியம் இல்லை. குழு சங்கப் பதிவிலாகாவில் பதிந்த குழு. கார் கடன் முடிந்திருக்க வேண்டும், வங்கியின் உரிமைக் குறிப்பு நீங்கியிருக்க வேண்டும், வாகனச் சோதனை முடித்து ஜேபிஜேயில் இரு தரப்பும் கைரேகை வைத்தால் ஆயிற்று. ஆனால் மூன்றாவது ஆண்டில் கார் படுத்துவிட்டால், அதை அப்புறப்படுத்தும் வேலை ஒரு எழுபது வயது ஆசிரியர் தலையில் விழும். பேட்டரியைச் சாதாரண இரும்புக் கடையில் தூக்கிப் போடவும் முடியாது.

ஆகவே கொடுக்கவில்லை. இரவலாக விட்டிருக்கிறேன். கார் என் பெயரிலேயே இருக்கிறது. காப்புறுதி, சாலை வரி, டயர் என் பொறுப்பு. மின்சாரமும் கழுவுவதும் குழுவின் பொறுப்பு. முழுச் சார்ஜில் 60 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கும் நாளில் என் செலவில் லாரி அனுப்பி எடுத்துக்கொள்வேன் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். ரசீது மாதிரி.

சாலை வரி பெரிய சுமை இல்லை. நம் சிரம்பான் நாடாளுமன்ற உறுப்பினரும் போக்குவரத்து அமைச்சருமான அந்தோணி லோக் 2023 டிசம்பரில் அறிவித்த புதிய கட்டணம் இந்த ஆண்டு ஜனவரியில் நடப்புக்கு வந்தது. 2025 இறுதிவரை மின்சாரக் கார்களுக்கு இலவசம். இனி 100 கிலோவாட்டுக்குள் இருக்கும் மோட்டாருக்கு அதிகபட்சம் ஆண்டுக்கு 70 வெள்ளி.

காப்புறுதியில்தான் கவனம் வேண்டும். ஓட்டப்போகிறவர்கள் பெயரைப் பாலிசியில் சேர்க்காமல் விட்டால், விபத்தில் முதல் 400 வெள்ளி நம் கையிலிருந்து போகும். சாரையும், செனவாங் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒரு தம்பியையும் சேர்த்தேன். சாதாரண பாலிசியில் காரில் பயணம் செய்பவர்கள் நம்மிடம் இழப்பீடு கேட்டால் அதற்குக் காப்பு இல்லை என்பது எனக்கு அதுவரை தெரியாது. கூடுதலாகக் கட்டி அதைச் சேர்க்க வேண்டும். நோயாளிகளை ஏற்றிக்கொண்டு அது இல்லாமல் ஓடவே கூடாது. இன்னொன்று, தனியார் காரில் யாரிடமும் வாடகை வாங்கக் கூடாது. அத்தை முதல் நாளே ஐந்து வெள்ளியை டேஷ்போர்டில் வைத்துவிட்டு இறங்கினார். அதைத் திருப்பிக் கொடுப்பதற்குள் சாருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் கோயில் உண்டியலில் போட்டார்களாம்.

என் கணவருக்கு இந்த ஏற்பாட்டில் முழுச் சம்மதம் இல்லை. சம்மன் வந்தாலும் விபத்து வந்தாலும் நம் பெயருக்குத்தானே வரும் என்கிறார். நியாயமான பேச்சு. அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இருவர் ஓட்டுவதையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. புதிய கார் வாங்குவதையும் ஓராண்டு தள்ளிப்போட்டோம். இப்போது நான் வேலைக்கு எல்ஆர்டியிலும் கிராப்பிலும் போகிறேன்.

உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு பழைய மின்சாரக் கார் நிற்கலாம். வரும் ஆண்டுகளில் நிறைய வாசல்களில் நிற்கும். கொடுக்க நினைத்தால், மாலை வாங்குவதற்கு முன் பேட்டரி நிலையைச் சோதித்துத் தாளில் வாங்குங்கள். வாங்குகிறவர்களின் அன்றாட நடை எத்தனை கிலோமீட்டர் என்று கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் வருத்தப்படாதீர்கள். பன்னிரண்டு பிள்ளைகளை வைத்திருக்கும் இல்லத்துக்கு நாலு பேர் உட்காரும் கார் என்னத்துக்கு?

கார் தோட்டத்துக்குப் போய் ஏழு மாதமாகிறது. இடையில் இரண்டு நாள்தான் நடை தவறியது. ஒன்று வெள்ளம், ஒன்று டயர். தார்ப்பாய் வேன் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. கொடுத்தவரின் மகள் இந்த ஆண்டு கடைசியில் வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

ஒவ்வொரு ஞாயிறும் சார் மீட்டரைப் பார்த்து எனக்கு வாட்ஸ்ஆப்பில் ஓர் எண்ணை மட்டும் அனுப்புவார். வணக்கம், நலம் எதுவும் இருக்காது. முதல் வாரம் 90 என்று வந்தது. போன ஞாயிறு 85.